சத்தியம் பண்ணும் புத்தகம்

ஜனவரி 7, செவ்வாய்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் கடற்கரையில் பாதிப் பேர் என்னை வக்கீல் குமாஸ்தா என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானாக அப்படிச் சொன்னதில்லை. "எங்க வேலை?" என்று கேட்டால் "கோர்ட்டுல" என்பேன். அதோடு வாயை மூடிக்கொள்வேன். ஒருமுறை பெரியதெருக்காரர் ஒருவர் சுவர்த் தகராறுக்கு யோசனை கேட்டு வந்தார். "வாய்தா வாங்கும்" என்று சொல்லி அனுப்பினேன். வாங்கினாராம். ஜெயித்தும்விட்டாராம். ஒரு முழுச் சீலா மீனைக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

உண்மையில் நான் வேலை பார்ப்பது ஆயர் இல்லத்துப் பின்கட்டில் இருக்கும் திருமண நீதிமன்றத்தில். திருச்சபையின் கோர்ட்டு. கோவிலில் நடந்த கல்யாணம் செல்லுமா, செல்லாதா என்று விசாரிக்கிற இடம். அங்கே மணி அடித்துச் சாட்சியைக் கூப்பிடுகிறவன் நான். காபி போடுவேன், தபால் கொண்டுபோய்க் கொடுப்பேன், அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பேன். பேர் தஸ்நேவிஸ். படிப்பு நாலாம் வகுப்பு, அதுவும் பாதி.

நீதிபதி பங்கிராஸ் சாமி. அவருக்கு எதிரில் ஹில்லாரி சாமி உட்காருவார். எந்தக் கல்யாணமானாலும் அது செல்லும் என்று வாதாடுவதுதான் அவர் வேலை. நான் வைத்த பேர் முடிச்சு சாமி. அவருக்கும் தெரியும். இந்த டைரி அவருக்கு வந்து அவர் வேண்டாம் என்று கொடுத்தது.

என் மகள் செசிலியின் வழக்கும் இங்கேதான் இரண்டு வருடமாகக் கிடக்கிறது. கட்டின எட்டாம் மாதம் கப்பலேறிப் போனவன் திரும்பி வரவில்லை, பம்பாயில் வேறு குடும்பம். ஓடிப்போனது இந்தக் கோர்ட்டில் கணக்கில்லை. கல்யாணத்தன்று பெண் மனமாரச் சம்மதித்தாளா என்பது ஒன்றுதான் கேள்வி. இல்லை, பயந்துபோய்ச் சம்மதித்தேன் என்கிறாள் செசிலி. தீர்ப்பு இந்த மாதம். அவளுக்குச் சாதகமாக வந்தால், மோட்டார் படகு மெக்கானிக் லியோன் அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருக்கிறான். வராவிட்டால், இந்தத் தவக்காலத்துக்கு முன் வேறு பெண்ணைக் கட்டிவைத்துவிடுவேன் என்று அவன் அம்மா சொல்லியாயிற்று.

ஜனவரி 9, வியாழன்

சாட்சி யாரும் வரவில்லை. மணியைத் துலக்கினேன். உள்ளே நாக்கு லேசாக ஆடுகிறது. நூல் சுற்றிக் கட்டினேன். செசிலி வைத்த நெத்திலிக் குழம்பில் காரம் அதிகம் என்றேன். "உங்க வாய்க்கு ஒண்ணும் ஆவாதுப்பா, அதுல இல்லாத காரமா" என்றாள்.

ஜனவரி 13, திங்கள்

திருச்சியிலிருந்து சிஸ்டர் அவிலா வந்திருக்கிறார்கள். ஆயர் இல்லத்தில் கிடக்கிற பழைய புத்தகங்களுக்குப் பட்டியல் போடப் போகிறார்களாம். என் தோள் உயரம்கூட இல்லை. கண்ணாடி மட்டும் சோடாப் புட்டியின் அடிப்பாகம்.

"சிஸ்டர், இந்தக் கண்ணாடியப் பாத்தா எழுத்தெல்லாம் பயந்து ஓடிருமே."

"ஓடட்டும். பிடிக்கத்தான் வந்திருக்கேன்" என்றார்கள்.

பரவாயில்லை, எனக்குச் சரியான ஆள்.

ஜனவரி 16, வியாழன்

இன்று நடந்ததை எழுதக் கை கூசுகிறது. சிரிப்பும் வருகிறது.

சாட்சி சொல்ல வருகிறவர் வேதப்புத்தகத்தில் கை வைத்து, முத்தமிட்டுச் சத்தியம் பண்ண வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன், நான் சேர்ந்த புதிதில், அங்கிருந்த பைபிளைக் கரையான் தின்றுவிட்டது. "மேல ஒண்ணு எடுத்து வையிடே" என்றார் அப்போதிருந்த சாமி. மேல்மாடி அலமாரியில் தேடினேன். தோல் அட்டை, பித்தளைக் கொக்கி, தூக்கினால் ஒரு குழந்தை கனம். திறந்தால் ஒரு பெரிய மரம், அதைப் பிடித்துக்கொண்டு தாடி வைத்த ஒருவர். மரத்தின்மேல் கை பட்டுப் பட்டு வர்ணமே தேய்ந்திருந்தது. எத்தனை பேர் தொட்டு முத்தமிட்டிருந்தால் இப்படித் தேயும்! நானும் ஒரு முத்தம் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். சிவப்புத் துணி போர்த்தி, கொக்கி மாட்டி, மூடினபடியே நீட்டுவேன். இத்தனை வருடத்தில் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. பைபிளைத் திறந்து பார்க்கிற வழக்கம் நம் ஆட்களிடம் எங்கே இருக்கிறது, சாமிமார் உட்பட.

சிஸ்டர் திறந்தார்கள். இரண்டு பக்கம் புரட்டினார்கள். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார்கள்.

"தஸ்நேவிஸ், இது பைபிள் இல்ல. சட்டப் புத்தகம்."

"சட்டமா? அப்ப அந்தத் தாடிக்காரர்?"

"அவர் யாரோ. மரம்தான் முக்கியம். யாருக்கு யார் எத்தனை படி தள்ளி உறவுன்னு எண்ணிப் பாக்கிற மரம். நெருங்கின உறவுல கல்யாணம் கூடாது. வழக்கு வந்தா, நீதிபதி இதை மேசையில விரிச்சு வச்சு, விரலால எண்ணுவார். அதான் தேஞ்சிருக்கு. முத்தம் குடுத்து இல்ல."

அறுநூறு வருடத்துக்கு முன் ஆட்டுத்தோலில் கையால் எழுதினதாம். எந்தச் சாமியின் பெட்டியிலோ கப்பலில் வந்திருக்கிறது. நடுவில் சட்டம். அதைச் சுற்றிப் பொடி எழுத்தில் விளக்கம். அதற்கும் வெளியே, ஓரத்தில், வேறு வேறு கைகளின் கிறுக்கல். ஒவ்வொரு நீதிபதியும் தன்னிடம் வந்த வழக்குக்கு ஏற்ப ஒரு வரி எழுதிவைத்துவிட்டுப் போவாராம். அடுத்தவர் அதையும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வாராம். அடிக்கடி தேடுகிற பக்கங்களில் சின்னத் தோல் நறுக்கு ஒட்டியிருக்கிறது. ஒரு இடத்தில் மெழுகு சொட்டியிருக்கிறது. ஒரு இடத்தில் பழுப்பாக வட்டம். "இது என்ன சிஸ்டர்?" "கோப்பை வச்ச அடையாளம்." ஆக, அந்தக் காலத்திலும் என்னைப்போல் ஒருவன் இருந்திருக்கிறான்.

என் வீட்டுக்காரி, ஆண்டவரிடம் போய் ஐந்து வருடமாகிறது, என் அத்தை மகள். மரத்தில் எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன். சிஸ்டர் விரல் வைத்துக் காட்டினார்கள். பக்கத்துக் கிளை. தடை உண்டு. ஆயர் விலக்குக் கொடுத்ததால்தான் கட்ட முடிந்தது.

"இந்த மரத்தை உலுக்கினா எங்க கடற்கரையே கீழ விழுந்துரும் சிஸ்டர்" என்றேன்.

முன்னூறு பேர் இருப்பார்கள், இதில் சத்தியம் பண்ணினவர்கள். முன்னூறில் நானும் ஒருவன். போன ஆகஸ்டில், மகள் வழக்கில், இதில் கை வைத்துத்தான் சாட்சி சொன்னேன். சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. இதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

தலைவலி. வேறொன்றும் இல்லை.

ஜனவரி 20, திங்கள்

சிஸ்டருக்குக் காபி கொண்டுபோனேன். புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர்கள் ஒரு பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். ஓரத்தில் மையால் ஒரு குட்டிக் கை வரைந்திருக்கிறது. ஆள்காட்டி விரல் மட்டும் நீளமாக, ஒரு வரியைச் சுட்டிக்கொண்டிருந்தது. முக்கியமான இடம் என்று எந்த நீதிபதியோ போட்ட அடையாளமாம்.

"என்ன இடம் சிஸ்டர்?"

"பயம். பயமுறுத்திக் கட்டி வச்ச கல்யாணம் செல்லாதுங்குது. ஆனா என்ன மாதிரி பயம்? திடமான மனுசனையே அசைக்கிற பயமா இருக்கணும்னு சட்டம்."

இந்த இடத்தில் ஒரு வேடிக்கைக் கதையைச் சொல்லியாக வேண்டும். கூட்டாளிகளிடம் நூறு தடவை சொன்னதுதான். செசிலிக்குப் பத்தொன்பது வயது. திருவிழாவில் சப்பரம் தூக்கும்போது கூட்டாளி பொன்சேகாவிடம், "என் மகளை உன் மகனுக்குத் தாரேன், உன் வத்தைப் படகை எனக்குத் தா" என்று ஒரு தமாசு விட்டேன். நாற்பது பேர் கேட்டுச் சிரித்தார்கள். பொன்சேகா சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு, தாம்பாளத்தோடு வந்து நின்றான். இனி என்ன செய்ய? இவள் மாட்டேன் என்கிறாள். மூன்று நாள் சோறு தின்னவில்லை. நாலாம் நாள், மூட்டைப்பூச்சி மருந்துப் புட்டியைக் கையில் எடுத்தேன். "நாளைக்கு நான் தெருவுல தலை நிமிந்து நடக்கணும், இல்ல இப்பவே இதைக் குடிக்கணும். நீயே சொல்லு" என்று ஒரு மடக்கு வாயில் ஊற்றினேன். அலறிக்கொண்டு வந்து புட்டியைப் பிடுங்கினாள். "கட்டிக்கிடுதேன் எப்பா, கட்டிக்கிடுதேன்" என்றாள். காலைப் பிடித்துக்கொண்டாள்.

புட்டிக்குள் நன்னாரி சர்பத். நாலு தண்ணீர் விட்டுக் கழுவி, முதல்நாளே ஊற்றிவைத்திருந்தேன். இதுதான் வேடிக்கை. கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். செசிலியிடம் மட்டும் சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை.

சிஸ்டரிடம் சும்மா கேட்டேன். "ஒரு அப்பன். எங்க தெருவுலதான். விளையாட்டுக்குப் பயமுறுத்துனான்னு வச்சிக்கிடுங்க. நிச பயமுறுத்தல் இல்ல. அதுக்கு இந்தக் கை என்ன சொல்லுது?"

சிஸ்டர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, கைக்குக் கீழே இருந்த கிறுக்கலை வெகுநேரம் பார்த்தார்கள். மெதுவாகத் தமிழில் சொன்னார்கள்.

"இங்க ஒருத்தர் எழுதியிருக்கார். 'அப்பன் விளையாடினான் என்பது அப்பனுக்குத் தெரியும். மகளுக்குத் தெரியாதென்றால் அது விளையாட்டல்ல.'"

காபி ஆறிவிட்டது. வேறு போட்டுக் கொடுத்தேன்.

ஜனவரி 22, புதன்

புத்தகம் மாறின விசயத்தைப் பங்கிராஸ் சாமியிடம் சொல்லிவிட்டேன். சிஸ்டர் சொல்லுமுன் நான் சொல்வது நல்லது. தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒம்போது வருசமாவே?"

"ஒம்போதே கால் சாமி."

"வெளிய மூச்சு விடாதியும்."

நான் வந்த காரியம் வேறு. மெல்ல எடுத்தேன். "சாமி, அப்ப சத்தியம் பண்ணுனவங்க சொன்னதெல்லாம் செல்லாதுதான? எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டு, பழையபடி ஒருக்கா..."

"சத்தியம் புத்தகத்துக்கு இல்லவே, ஆண்டவருக்கு. கைக்குக் கீழ என்ன இருந்தாலும் சொன்னது சொன்னதுதான்."

எழுந்தேன். கதவு வரை போய்விட்டேன். பின்னால் கூப்பிட்டார்.

"தஸ்நேவிஸ். உம்ம மக வழக்குல தீர்ப்பு நான் இன்னும் எழுதி முடிக்கல. அந்தப் பிள்ள விசப் புட்டின்னு சொல்லுது. பாத்த ஆளு நீரு ஒருத்தர்தான். 'சர்பத் குடிச்சிக்கிட்டு இருந்தேன், வீட்டுல எப்பவும்போல தமாசு பேசினேன், வேற ஒண்ணும் இல்ல'ன்னு சொல்லியிருக்கீரு. எதையாவது மாத்திச் சொல்லணும்னா இன்னைக்குச் சொல்லும்."

கதவில் கை வைத்தபடி நின்றேன். உள்ளறையில் ஹில்லாரி சாமி இருமுகிற சத்தம் கேட்டது. ஒன்பது வருடமாக என் தமாசுக்குச் சிரிக்கிற ஆட்கள். அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற என் டம்ளர் மேசையில் இருந்தது.

"காபிக்குச் சீனி போட மறந்துட்டேன் சாமி, அதச் சொல்லத்தான்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

ஜனவரி 27, திங்கள்

தீர்ப்பு வந்துவிட்டது. ஒட்டின உறை. மேலே செசிலியின் பேர். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவன் நான், அதுதான் என் வேலை. பதிவேட்டில் "பெற்றுக்கொண்டேன், மகளுக்காகத் தந்தை" என்று நானே கையெழுத்துப் போட்டேன். ஹில்லாரி சாமி என் தோளைத் தட்டி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு போனார். ஜெயித்தால் தட்டுகிற தட்டு அது. ஒன்பது வருடப் பழக்கம்.

வீட்டுக்கு வந்தேன். செசிலி அயிரை கழுவிக்கொண்டிருந்தாள். கை ஈரம். பிறகு கொடுக்கலாம் என்று டைரிக்குள் வைத்தேன்.

ஜனவரி 28, செவ்வாய்

வீட்டுக் கூரையில் இரண்டு ஓடு மாற்றினேன். கை ஈரமில்லாத நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

ஜனவரி 30, வியாழன்

கொடுக்கவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

மெழுகுவர்த்தித் திருநாள். பூசை முடிந்து வெளியே வந்தால் லியோன் நிற்கிறான். கையில் கிரீஸ் கறை போகவே போகாது அவனுக்கு.

"மாமா, ஏதாச்சும் வந்துச்சா? அம்மா மாமன் வீட்டுல பேச்சுக் குடுத்துட்டாவ. இந்த வாரம் சொல்லலன்னா என் கையில இல்ல."

"வரும் வே. கப்பல்ல வருது" என்றேன்.

அவன் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. கப்பலைப் பற்றி வேறு யாரிடமாவது தமாசு பண்ணியிருக்கலாம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நான் வேலைக்குப் போயிருந்தபோது செசிலி அலமாரியைத் துடைத்திருக்கிறாள். டைரி கீழே விழுந்திருக்கிறது. உறையும்தான்.

வந்தபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். தீர்ப்பு மடியில். எட்டுப் பக்கம். கடைசிப் பக்கத்தை விரித்து வைத்திருந்தாள். கட்டாயம் நடந்ததாக நிரூபிக்கப்படவில்லை, திருமணம் செல்லும் என்று இருக்கும். அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. நடுப்பக்கத்துக்குத் திரும்பி, விரல் வைத்துப் படித்தாள்.

"'மேற்படி புட்டியில் இருந்தது நன்னாரி சர்பத் என்று மனுதாரரின் தந்தை சத்தியத்தின் பேரில் கூறுகிறார்.'"

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"எப்பா. அது நன்னாரியா?"

"விளையாட்டுக்குத்தானட்டி..."

"இல்ல, கேக்கேன். நெசமாவே நன்னாரியா?"

"ஆமா."

தீர்ப்பை மடித்து உறைக்குள் வைத்தாள். கோபமாகக் கேட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். காய்ச்சல்காரரிடம் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"இனிப்பா இருந்துச்சா?"

பிப்ரவரி 5, புதன்

பங்கிராஸ் சாமியிடம் எல்லாம் சொன்னேன். புட்டி, மூன்று நாள் பட்டினி, காலைப் பிடித்தது, எல்லாம். தண்ணீர் டம்ளரை இந்தமுறை அவர் எனக்கு நகர்த்தி வைத்தார்.

"போன மாசம் கதவுல நின்னீரே, அன்னைக்குச் சொல்லியிருந்தா நானே திரும்ப விசாரிச்சிருப்பேன். இப்ப கையெழுத்துப் போட்டாச்சு. மேல் மன்றத்துக்குப் போகலாம். தீர்ப்புக் கையில கிடைச்ச நாளையில இருந்து பதினஞ்சு நாள்."

"நேத்துதான் சாமி அவ கைக்குப் போச்சு."

பதிவேட்டை எடுத்து என் கையெழுத்தைக் காட்டினார். இருபத்தேழு. அப்படியானால் பதினொன்றாம் தேதி கடைசி.

"மகதான் ஒப்பம் போடணும். நீரு இல்ல. அங்க போனாலும் ஒரு வருசம், ரெண்டு வருசம் ஆவும்."

ஹில்லாரி சாமி உள்ளிருந்து வந்தார். அவர் கெட்டவர் இல்லை. வாதம் எப்படிப் போகும் என்று எனக்குக் காட்டத்தான் சொன்னார். "ஆகஸ்டுல சர்பத். பிப்ரவரியில விசம். ஈஸ்டருக்கு என்ன கொண்டாருவீருன்னு மேல கேப்பாவ, தஸ்நேவிஸ். ரெண்டு விதமாச் சொன்ன சாட்சியை வச்சு எதையும் அவுக்க முடியாது."

"ரெண்டும் ஒண்ணுதான் சாமி. சர்பத்தும் அதுதான், விசமும் அதுதான்" என்றேன்.

அவருக்குப் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எழுதிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

கோவிலில் முதல் ஓலை வாசித்தார்கள். எங்கள் பக்கம் கல்யாண அறிவிப்புக்கு ஓலை என்று பேர். மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் பங்குச் சாமியிடம் சொல்ல வேண்டும்.

லியோனுக்கும் அவன் தாய்மாமன் மகளுக்கும்.

சிஸ்டரின் மரத்தில் அவர்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கிளை. தடை இருக்கிறது. ஆயர் இல்லத்தில் விலக்குக்கு எழுதிப்போட்டார்கள். மூன்று நாளில் வந்துவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மேல்முறையீட்டுத் தாளோடு மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். பேனாவையும் மூடி கழற்றி வைத்தேன். செசிலி தையல் மெசினில் இருந்தாள்.

"அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடிருவாவ. ஒரு கையெழுத்து. நான் எல்லாத்தையும் சொல்லுதேன் மேல. உள்ளது உள்ளபடி."

"யாருக்காகப்பா?"

"உனக்காவத்தான்."

"எனக்கு வேண்டியவன் ஓலையில ஏறிட்டான். இனி யாருக்காக?" மெசினை நிறுத்தவில்லை. "ரெண்டு வருசம் அந்த ரூமுல உக்காந்து, அப்பா விசம் குடிச்சாரு, அப்பா விசம் குடிச்சாருன்னு அழுதேன். முடிச்சு சாமி திரும்பத் திரும்பக் கேட்டாரு, நிச்சயமா விசமான்னு. சத்தியமா விசம்னேன். எல்லாரு மின்னாலயும் பொய்க்காரி ஆனது நான். நீங்க இல்ல."

"நீ பொய் சொல்லலட்டி."

"எனக்குத் தெரியும். அது போதும்."

நாலரைக்கு ஒருதரம் கேட்டேன். நாலே முக்காலுக்கு ஒருதரம். ஐந்துக்கு ஆயர் இல்லத்து மணி வீடு வரை கேட்டது. பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தேன். மை கசிந்திருக்கிறது, சட்டை போச்சு.

பிப்ரவரி 16, ஞாயிறு

இரண்டாம் ஓலை. "இவர்களுக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள்" என்று சாமி வாசிக்கும்போது எழுந்து நின்றுவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

"தடை இருக்கு சாமி."

கோவில் முழுக்கத் திரும்பியது. யார் என்று பார்த்தது. நான்தான் என்று தெரிந்ததும் ஆண்கள் பக்கத்தில் ஒருவன் குபுக்கென்று சிரித்தான். அது அப்படியே பின்வரிசை வரை போயிற்று. பெண்கள் பக்கமும் முக்காட்டுக்குள் சிரிப்பு. இன்னும் நான் வாயே திறக்கவில்லை.

"மாமன் மகள்தானவே? விலக்கு வாங்கியாச்சு. நீரு அத்தை மகளக் கெட்டலையா? உக்காரும்" என்றார் சாமி. அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார்.

அதில்லை சாமி, என் மகளிடம் நான் ஒரு புட்டியைக் காட்டினேன் என்று சொல்லத்தான் எழுந்தேன். சொல்லத் தொடங்கினேன். "என் மக..." என்றதும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். முப்பது வருடமாக நான் எழுந்து நின்றால் சிரிக்கத்தான் வேண்டும் என்று பழக்கி வைத்திருக்கிறேன். உட்கார்ந்தேன்.

லியோன் மட்டும் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். செசிலி பாட்டுக் கூட்டத்தில் நின்றாள். அடுத்த பாட்டுக்குச் சரியாக எடுத்துக் கொடுத்தாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

புதுப் பைபிள் வந்துவிட்டது. பழைய புத்தகத்தை சிஸ்டர் திருச்சிக்கு எடுத்துப்போகிறார்கள். வெள்ளைத் துணியில் சுற்ற நான்தான் பிடித்துக்கொண்டேன். கடைசியாக அந்தக் குட்டிக் கையை ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எடுத்துக் காட்டினார்கள்.

"சிஸ்டர், இந்த ஓரத்துல இன்னும் இடம் இருக்கே. கைக்குப் பக்கத்துல. ஒரு வரி எழுதலாமா?"

"என்ன எழுதணும்?"

சொன்னேன். எங்கள் தெருக்காரன் யார் என்று சிஸ்டருக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சின்னக் கை, சாக்பீஸ் மாதிரி.

"எழுதற காலம் முடிஞ்சு போச்சு தஸ்நேவிஸ். இனிமே இதைப் பாக்க மட்டும்தான் செய்யலாம்."

துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். இறுக்கமாகத்தான் போட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மூன்றாம் ஓலை. நான் முதல் பூசைக்கே போய்வந்துவிட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

கல்யாணம். வெயில் நல்ல வெயில். பொன்சேகா வந்திருந்தானாம், பிரியாணி நன்றாக இருந்ததாம். செசிலி மணப்பெண்ணின் ரவிக்கையைத் தைத்துக் கொடுத்திருக்கிறாள். இது எனக்குத் தெரியாது. அன்றைக்கு மெசினில் ஓடிக்கொண்டிருந்தது அதுதான்.

மார்ச் 2, திங்கள்

செசிலிக்கு மதுரையில் சிஸ்டர்மார் நடத்துகிற விடுதியில் தையல் சொல்லிக்கொடுக்கிற வேலையாம். சிஸ்டர் அவிலா எழுதிப்போட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். காலை பஸ். பெட்டியை நான்தான் தூக்கிப்போனேன்.

பஸ் வர நேரமாயிற்று. ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்து அனுப்பலாம் என்று யோசித்தேன். பத்து இருபது தமாசு கைவசம் இருந்தது. ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கு உள்ளேயும் என்ன ஊற்றியிருக்கிறேன் என்று எனக்கே நிச்சயமில்லை. 

அவள்தான் கேட்டாள். "என்னப்பா, பேச்சே காணும்? ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"மருந்து கிருந்து குடிச்சிராதீங்க" என்றாள்.

தமாசுக்குச் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. பஸ் வந்துவிட்டது.

மார்ச் 5, வியாழன்

நேற்று சாம்பல் புதன். இன்று புது வழக்கு, முதல் சாட்சி. ஒரு பெண்ணின் தகப்பனார், நடுத்தர வயது, நல்ல சட்டை. பத்து மணிக்குப் புதுப் பைபிளை மேசையில் வைத்தேன். திறந்து பார்த்து, பைபிள்தான் என்று நிச்சயம் பண்ணிக்கொண்டேன். தண்ணீர் டம்ளர் வைத்தேன். வராந்தாவுக்குப் போய் மணியை ஆட்டினேன். நூல் அறுந்து நாக்கு கழன்று விழுந்தது. உருண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டது. குனிந்து விளக்குமாற்றால் துழாவினேன். ஒரு பேனா மூடியும் இரண்டு கரப்பானும் வந்தன. நாக்கு வரவில்லை. சாட்சியைக் கையைக் காட்டிக் கூப்பிட்டேன்.